காபியில ஒண்ணுமே கலக்கலீங்க

தெய்வானையம்மா வாழைப்பழம் உரிப்பதைப் பார்த்தால் வைரத்துக்குத் தரம் பார்க்கிறவர் தோற்றுப்போவார்.

ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்காருவார். பழத்தை வெயிலுக்கு நேரே பிடித்துக் காம்பிலிருந்து நுனிவரை மெல்ல உருட்டுவார். தோலில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் நகத்தால் சுரண்டுவார். அது பழம் தானாகக் கனிந்த இடமா, யாரோ ஊசி குத்திய இடமா என்ற ஆராய்ச்சி முடிந்த பிறகே உரிப்பார். தேறிய பழம் வாய்க்குப் போகும். தேறாத பழம் ஜன்னல் கம்பி வழியாகப் பக்கத்து லேத்துப் பட்டறையின் தகரக் கூரைக்குப் போகும். அந்தக் கூரைக்கு வந்துபோன காக்கைகள் அந்த நாட்களில் நன்றாகச் சதை போட்டிருந்தன.

வாழைப்பழம், ஓடு உடையாத அவித்த முட்டை, தோலோடு நிலக்கடலை, கண்ணெதிரே சீவிய இளநீர். இவ்வளவுதான் அவருடைய சாப்பாடு. எங்கள் சமையற்காரம்மா மிளகு ரசம் வைத்தால் தெருவே மணக்கும். அந்த ரசம் தெய்வானையம்மாவின் கட்டில்வரை போய்ப் போய்த் திரும்பி வந்தது.

“ஏனுங் சிஸ்டர், ஆண்டவன் மூடி போட்டு அனுப்பறதை மட்டுந்தானுங்க நான் திங்கறேன். மனுசன் போட்ட மூடியை நம்பறதுக்கில்லீங்க” என்பார்.

எங்களிடம் அப்போது ஒரு இளம் டாக்டர் பயிற்சிக்கு வந்திருந்தார். அவர் அழகான ஆங்கிலக் கையெழுத்தில் குறித்து வைத்தார்: வீட்டார் தன் உணவில் மருந்து கலக்கிறார்கள் என்பது நோயாளியின் பிரமை.

பரீட்சையாக இருந்தால் முழு மதிப்பெண். ஒரே ஒரு சங்கடம், வீட்டார் நிஜமாகவே கலந்துகொண்டிருந்தார்கள்.

நரம்பு ஆஸ்பத்திரி

இந்தப் பக்கத்தை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கணபதி என்கிற பகுதியில் ஒரு சிறிய தனியார் மனநல மருத்துவமனையில் நான் நர்ஸாக இருந்தேன். ஒரு பழைய மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து, மரக்கட்டில்களுக்குப் பதில் இரும்புக் கட்டில்களைப் போட்டால் மருத்துவமனை தயார்.

வாசலில் ‘நரம்பு மற்றும் பொது மருத்துவம்’ என்று பலகை. மனம் என்ற சொல்லை எழுதியிருந்தால் எங்கள் வரவேற்பறையில் ஈ மட்டும்தான் உட்கார்ந்திருக்கும். எங்களிடம் வந்த ஒருவருக்கும் மனதில் எந்தக் கோளாறும் கிடையாது. எல்லோருக்கும் நரம்புத் தளர்ச்சி. ஆட்டோவை இரண்டு தெரு தள்ளியே நிறுத்திவிட்டு, பலசரக்கு வாங்க வந்தவர்கள்போல நடந்து வருவார்கள்.

என் வீடும் சளைத்ததல்ல. காரமடையில் என் அம்மா, நான் கண் ஆஸ்பத்திரியில் வேலை செய்வதாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார். பைத்தியக்கார ஆஸ்பத்திரி நர்ஸ் என்றால் மாப்பிள்ளை வரமாட்டான் என்பது அவர் கவலை. விளைவு, விசேஷ வீடுகளில் என் அத்தைகள் வரிசையாக வந்து இமையை விரித்துக் காட்டினார்கள். ஒரு பெரியம்மாவுக்குப் புரை முற்றிவிட்டது என்றுகூட நான் சொல்லியிருக்கிறேன். தற்செயலாக அது சரியாகவும் இருந்தது.

புத்தகம் சொன்ன மூன்று

மனநலச் செவிலியத்தின் அடிப்படைகளை எங்களுக்கு நடத்திய டீச்சர் பாலக்காட்டுக்காரர். கரும்பலகையில் மூன்று வரி எழுதிப்போட்டு, வருஷம் முழுக்க அழிக்கவிடவில்லை. நோயாளியிடம் பொய் சொல்லாதே. அவருடைய பிரமையோடு வாதாடாதே. அந்தப் பிரமைக்கு ஆமாம் போடாதே.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! பிரமை என்று நாம் எழுதி வைத்தது உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்று நாலாவது வரி ஏதும் இல்லை.

இன்னொரு வித்தையும் சொல்லித் தந்தார்கள். நோயாளி சிக்கலாக ஏதாவது கேட்டால் நேராகப் பதில் சொல்லக் கூடாது. ‘உங்களுக்கு அப்படித் தோன்றுகிறதா?’ என்று மென்மையாகத் திருப்பிக் கேட்க வேண்டும். அவர் தானாக மனம் திறப்பார். எந்த ஊரில் திறப்பார்களோ தெரியாது. எங்கள் ஊரில் ‘எங்க போறீங்க?’ என்று கேட்டாலே ‘ஏனுங்?’ என்றுதான் பதில் வரும். கேள்விக்குக் கேள்வி போடுவதைப் பிறந்ததிலிருந்தே பழகியவர்களிடம் இந்த வித்தை எத்தனை தூரம் செல்லும்?

ஊர் மெச்சிய புருஷன்

தெய்வானையம்மாவின் கணவர் சென்னியப்பன், மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் கடையும் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். வீட்டின் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையில் கிரீஸ் வாசம் போகாது. மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. மின்விசிறியைக்கூட ‘சித்த வேகமா சுத்துங்க’ என்று கேட்டுக்கொள்ளக் கூடிய மனிதர்.

ஒரு கட்டத்தில் அந்த லேத்துச் சத்தத்துக்குள் தெய்வானையம்மாவின் பெயர் கேட்க ஆரம்பித்தது. இரும்பு சுழலச் சுழல யாரோ அவரைக் கேவலமாகப் பேசினார்கள். மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்களோடு தெருவில் நின்று சண்டை போட்டார். ஒருநாள் காணாமல் போய், சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டில் வெறுங்காலோடு நின்றவரைக் கண்டுபிடித்து அழைத்து வந்தார்கள்.

எங்கள் பெரிய டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார். தெய்வானையம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: “சீக்கு எனக்கில்லீங்க, லேத்துக்கு. மாத்திரைய அதுக்குப் போடுங்க.”

வேறு வழியில்லாமல் டாக்டர் சொட்டு மருந்துக்கு மாறினார். நிறம் கிடையாது, ருசி கிடையாது. “கொஞ்ச நாளைக்கு மட்டும் கலந்து குடுங்க. தெளிஞ்சதும் அவங்ககிட்டச் சொல்லிடணும்” என்று சொல்லித்தான் கொடுத்தார். நம் பக்கத்தில் கொஞ்ச நாள் என்பதற்கு எல்லை கிடையாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதுவரை அடுப்படிப் பக்கமே போகாத சென்னியப்பன், காத்தால எழுந்து மனைவிக்குத் தன் கையால் காபி போட ஆரம்பித்தார். தெருவே மூக்கில் விரல் வைத்தது. பெண்கள் தங்கள் புருஷன்களை அவரைக் காட்டித் திட்டினார்கள். ‘சென்னியப்பண்ணனைப் பாருங்க, பொண்டாட்டிக்குக் காபி போட்டுக் கையில கொண்டாந்து குடுக்கறாரு. நீங்களும் இருக்கறீங்களே!’ என்று ஊரெல்லாம் பேச்சு. அவரும் அடக்கமாகச் சிரித்துக்கொள்வார்.

காபி வேலை செய்தது. லேத்துக்குள் பேச்சுக் குறைந்தது. சண்டை நின்றது. தெய்வானையம்மா அசந்து தூங்கினார். கொஞ்சம் அதிகமாகவே தூங்கினார். சென்னியப்பன் மட்டும் தனியாக வந்து மருந்து வாங்கிப் போவார். “எப்படி இருக்காங்க?” “அமைதியா இருக்கறாங்க டாக்டர்.” தூங்கிக்கொண்டே இருக்கிறவர் அமைதியாகத்தானே இருப்பார்!

கொழுந்தனார் கழுத்து

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்துக்குச் சத்தியமங்கலத்திலிருந்து சென்னியப்பனின் தம்பி முருகேசு வந்தார். முப்பது வயது, வாட்டசாட்டமான ஆள். கிணற்றுக்கு மோட்டார் வாங்க வந்தவர், சில நாள் அண்ணன் வீட்டில் தங்கினார்.

தெய்வானையம்மாவுக்குக் காபியின்மேல் ஏற்கெனவே ஒரு கண். சோறு தின்றாயா என்று ஒருநாளும் கேட்காத மனிதர், காபியை மட்டும் ஆறுவதற்குள் குடி குடி என்று பக்கத்திலேயே நிற்கிறாரே, ஏன்? எனவே கணவர் அந்தப்பக்கம் திரும்பியதும் தன் டம்ளரைக் கொழுந்தனாரிடம் நீட்டிவிட்டார். தினமும். பிறகு நான் விசாரித்தபோது முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார்: “ஒறம்பரைக்குத்தானுங்க மொதல்ல குடுக்கோணும்.” விருந்தாளிக்கு முதல் மரியாதையாம்.

ஒருநாள் இட்லி தின்றுகொண்டிருந்த முருகேசுவின் கழுத்து இடப்பக்கம் திரும்பியது. திரும்பியது திரும்பியதுதான். கண் இரண்டும் மேலே சொருகிக்கொண்டன. வேப்பிலை அடித்தார்கள். எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். மந்திரிக்கிறவர் ஒருவர் வந்து, சத்தியமங்கலத்து வன எல்லையில் ஏதோ காற்று அடித்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். மூன்றாவது எலுமிச்சம்பழத்துக்குப் பிறகுதான் யாருக்கோ டாக்டர் ஞாபகம் வந்தது.

மரியாதையான குடும்பம் என்று சொன்னேனே. முருகேசு கோணிய கழுத்தோடு கைகூப்பி, “வணக்கமுங்க டாக்டர்” என்று டியூப் லைட்டைப் பார்த்துச் சொன்னார்.

டாக்டருக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. அந்தச் சொட்டு மருந்து சிலருக்கு, அதிலும் இளம் ஆண்களுக்கு, இப்படித் தசையைப் பிடித்து இழுக்கும். ஒரு ஊசி போட்டார். அரை மணி நேரத்தில் கழுத்து நேரானது. குடும்பமே அவரைக் கும்பிட்டது. டாக்டர் அந்தக் கும்பிடுகளுக்கு நடுவே சென்னியப்பனைப் பார்த்தார். சென்னியப்பன் தரையில் எதையோ தேடினார்.

ஊசி போட்டதும் சரியானது என்ற சேதி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தெய்வானையம்மாவுக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. அன்றிலிருந்து சமைத்த எதையும் தொடவில்லை. மருந்து நின்றதால் லேத்து மறுபடி பேசத் தொடங்கியது. உடம்பு வற்றி, ஒருநாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தார். அப்படித்தான் எங்கள் மாடியில், அந்த ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார்.

“தோணறதைக் கேக்கலீங்க”

ஒரு காலையில் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டை அவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாக்கெட்டின் ஒட்டலைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“சிஸ்டர், உங்களைப் பாத்தா பொய் சொல்ற மொகமாத் தெரீல. என்ற ஊட்டுக்காரரு காபில எதாச்சும் கலக்கறாருங்களா?”

படித்த படிப்பு வீண்போகவில்லை. “உங்களுக்கு அப்படித் தோணுதுங்களா?” என்றேன்.

“தோணறதைக் கேக்கலீங்க அம்மணி. கலக்கறாரா இல்லையான்னு கேட்டேன்.”

அவர் கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மணிக்கட்டு வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் என்மேல் இருக்கிற நம்பிக்கையும் போய், வாழைப்பழம்கூட நின்றுபோகும். ஆமாம் என்பது நான் சொல்ல வேண்டிய பதிலா என்பதும் தெரியவில்லை.

“கேட்டுட்டு வந்து சொல்றேனுங்க. பொய் சொல்ல மாட்டேன்” என்றேன்.

அவர் பிஸ்கட்டைப் பிரித்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் தின்ற பிறகு அவரும் தின்றார்.

பெரிய டாக்டர் தன் அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் கரண்டியை வைத்துவிட்டார். “கலக்கச் சொன்னது நான்தானே சிஸ்டர். அவங்களை வரவழைச்சுப் பார்க்காம எழுதிக் குடுத்துட்டே இருந்ததும் நான்தான்” என்றார். தட்டை ஒதுக்கிவிட்டு, “சொல்லிடலாம். ஆனா அவங்க வீட்டுக்காரரே தன் வாயால சொல்லட்டும். நாம பக்கத்துல இருப்போம்” என்றார்.

சென்னியப்பன் வாய் திறப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

“சொன்னா என்னையக் கொன்னே போடுவாளுங்க சிஸ்டர்.”

“சொல்லாட்டி அவங்க செத்துப்போயிருவாங்க.”

“எல்லாம் அவ நல்லதுக்குத்தானுங்க செஞ்சேன்.”

“அது அவங்களுக்குத் தெரியாதுங்களே.”

கொஞ்ச நேரம் யோசித்தார். முகம் தெளிந்தது. சம்மதிக்கப் போகிறார் என்று நினைத்தேன். என் பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டார்: “ஏனுங் சிஸ்டர், ஊசியில ஏத்தி, இந்த வாழைப்பழத்துக்குள்ள உட முடியாதுங்களா?”

ஊசி குத்திய இடம் தேடிப் பழம் உருட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாவைத்தான் நாங்கள் பிரமை பிடித்தவர் என்று எழுதி வைத்திருந்தோம்.

கட்டிலின் கால்மாட்டில்

மறுநாள் காலை டாக்டர், நான், சென்னியப்பன் மூவரும் மாடி ஏறினோம். சென்னியப்பன் கட்டிலின் கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்துப் பட்டறையில் அப்போது கரண்ட் இல்லாததால் லேத்து ஓடவில்லை. அறை அமைதியாக இருந்தது.

“தெய்வான, நான்தான் காபில மருந்து ஊத்தினேன்.”

தெய்வானையம்மா கத்துவார் என்று நான் பயந்தேன். அவர் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எப்ப இருந்து?”

“கவிதா கல்யாணத்துக்கு முந்துன வருசத்துல இருந்து.”

“கல்யாணத்தன்னைக்கு?”

சென்னியப்பன் கம்பியின் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார்.

“கேக்கறனல்லங்க. அன்னைக்கு?”

“அன்னைக்கு எப்பவும் ஊத்தறதை விடச் சித்த சேத்தி ஊத்திப்போட்டேன். சம்பந்தி ஊட்டுக்காரங்க முன்னால நீ எதாச்சும் பேசிப்போட்டா, புள்ள வாழ்க்க என்னத்துக்காகறதுன்னு…”

இது எனக்கோ டாக்டருக்கோ தெரியாத சேதி. பிறகுதான் முழுக்கத் தெரிந்துகொண்டோம். ஒரே மகள் கவிதாவின் கல்யாணம் காரமடையில் நடந்தது. மாப்பிள்ளை தாலி கட்டிய நேரத்தில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் அம்மா, பக்கத்திலிருந்த ஒரு உறவுக்காரப் பெண்ணின் தோளில் சாய்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். வீடியோக்காரர் அதையும் விடாமல் எடுத்துவிட்டார். சம்பந்தி வீட்டில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். கவிதா அதற்குப் பிறகு பண்டிகை நோம்பிக்குக்கூடப் பிறந்த வீட்டுக்குச் சரியாக வருவதில்லை. வந்தாலும் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

“நானெல்லாம் ஒரு பெத்தவளான்னு இத்தன நாளும் வெசனப்பட்டுக்கிட்டு இருந்தனுங்க” என்று தெய்வானையம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். கணவரைப் பார்க்கவில்லை. “பெத்த புள்ளைக்குத் தாலி ஏறுறப்பத் தூக்கம் வருமா எவளுக்காச்சும்?”

சென்னியப்பன் அழுதுவிட்டார். அழும்போதும் சத்தம் வெளியே கேட்காமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

தெய்வானையம்மா டாக்டர் பக்கம் திரும்பிக் கேட்டார்: “அப்படீன்னா எனக்குச் சீக்கு இல்லீங்களா?”

“இருக்குதுங்கம்மா. காபில கலக்கறாங்கன்னு நீங்க நெனச்சது சீக்கு இல்லை. அது நிஜம்.”

“அந்த லேத்து பேசறது?”

“அதுதான் சீக்கு.”

அவர் தலையணையின் ஓரத்தை விரலால் நெருடினார். “செரி. ஒண்ணாச்சும் நெசமா இருந்துச்சே.”

கவரை நான்தான் கிழிப்பேன்

அன்றே மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அன்று கணவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். பல நாள் அவரை உள்ளே விடவில்லை. சென்னியப்பன் கீழே வரவேற்பறையில், நரம்புத் தளர்ச்சிக்காரர்களின் நடுவே, காலையிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பார்.

அவர் முதலில் மறுபடி தொட்டது ரசம் சோறு. நானும் அவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அடுத்தது, லேத்துச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அவர் குறுகி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், அவராகவே கேட்டார்.

“அதை அடக்கறதுக்கு மாத்திரை இருக்குதுன்னீங்களே, அதைக் கொண்டாங்க. கவரை நான்தான் கிழிப்பேன். பேரை வாசிச்சுக் காட்டோணும். தூக்கம் சாஸ்தியானா நிறுத்திப்போடுவேன், அதையும் இப்பவே சொல்லிப்போட்டேன்.”

டாக்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அளவைக் குறைத்தார். அவர் கேட்டதெல்லாம் எங்கள் பாடப் புத்தகத்தில் நோயாளியின் உரிமை என்று தனி அத்தியாயமாகவே இருந்தது. பரீட்சைக்கு வராது என்று நாங்கள் தாண்டிப்போன அத்தியாயம்.

வீடு திரும்பிய பிறகும் நான் அங்கே வேலையில் இருந்தவரை அவர் மாதாமாதம் வந்துகொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை நோய் திரும்பியது. அப்போது அவரே பஸ் ஏறி வந்து, லேத்து பேசுகிறது என்று புகார் கொடுத்தார். வீட்டில் காபியை அவரேதான் போட்டுக்கொண்டார், கணவருக்கும் சேர்த்து. சென்னியப்பன் மறுபேச்சில்லாமல் குடித்தார்.

ஆனால் மருத்துவமனையைவிட்டுப் போகும் முன் தெய்வானையம்மா ஒரு நிபந்தனை போட்டார். கணவரைக் கூப்பிட்டு, “என்கிட்டச் சொன்ன மாதிரி அவகிட்டயும் நீங்கதான் சொல்லோணும்” என்றார்.

கவிதா வந்தாள். சின்னப் பெண். அறைக்குள் வராமல் கதவோரம் நின்றாள். பார்க்க வந்த கடமை முடிந்தால் போதும் என்ற நிற்பு. சென்னியப்பன் மறுபடியும் அதே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அதே வார்த்தைகளைச் சொன்னார். இந்த முறை ஊசி, வாழைப்பழம் என்றெல்லாம் குறுக்கு வழி தேடவில்லை.

“ஏனுங்கப்பா, என்ற கல்யாணத்தன்னைக்கு அம்மாவத் தூங்க வெச்சது நீங்களா?” கவிதாவின் குரல் உயர்ந்தது. “அவிய எல்லாரும் சிரிச்சப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க? ஒரு வார்த்த சொன்னீங்களா? அம்மாவை நான் என்னென்ன பேசினேன் தெரியுங்களா!”

“உடு கண்ணு” என்றார் தெய்வானையம்மா. “அவரு பயந்துக்கிட்டாரு. அதுக்கு அவருகிட்டப் பொறவு நான் பேசிக்கறேன். நீ இக்கட்ட, என்ற பக்கத்துல வா.”

கவிதா கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். அம்மா அவள் தாலிக்கொடியை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டார்.

“மாப்பள தாலி கட்டறப்ப நீ அழுதியா?”

கவிதா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. அம்மாவின் மடியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தெய்வானையம்மா அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அடுத்த அறையில் ஊசி போட வேண்டியிருந்தது. எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் கவிதா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். விடிகாலையில் தலை சீவிவிட்டது யார், கூறைப்புடவை கொசுவம் நிற்காமல் எத்தனை தடவை கட்டினார்கள், சீர் செய்து சடங்கு நடத்திவைத்த அருமைக்காரர் எந்த இடத்தில் இருமினார், மாப்பிள்ளைக்குக் கை நடுங்கி முடிச்சு விழாமல் நாத்தனார் வந்து போட்டது. “அது நாத்தனாரில்ல கண்ணு, பெரிய மாமியா” என்று கால்மாட்டிலிருந்து சென்னியப்பன் திருத்தினார். “நீங்க சித்தச் சும்மா இருங்க” என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

கவிதா வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். தெய்வானையம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“மெதுவாச் சொல்லு கண்ணு. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கறேன்.”